வகுப்புக்கு வெளியே நடந்தால் பொறுப்பில்லையாம்!



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைக் கராத்தேக்கு அனுப்பும் உம்மா வாப்பாமாரும், ஊரில் வகுப்பு நடத்தும் மாஸ்டர்மாரும் கடைசி வரை வாசித்தால் நல்லது. கோபம் வந்தால் வாசித்து முடித்த பிறகு வரட்டும்.

விடுமுறை தொடங்கினால் முகநூல் நிறைய ஒரே படம்தான். வெள்ளை உடுப்பு, இடுப்பில் புதுப் பெல்ட், கையில் சான்றிதழ், பக்கத்தில் மாஸ்டர், கீழே வரிசையாக “மாஷா அல்லாஹ்”. சந்தோசம்தான். போனில் குனிந்த தலை நிமிராத இந்தக் காலத்தில் ஒரு பிள்ளை அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் போய் வியர்த்து விறுவிறுத்து வருகிறது என்றால் யாருக்குக் கசக்கும்? நாங்களும்தான் லைக் போடுகிறோம்.

ஆனால் அந்தப் படங்களில் விழாத ஒன்றை ஆசிரியர்களாகிய நாங்கள் தினமும் பார்க்கிறோம். மாஸ்டர் அந்தப் பிள்ளையைக் கிழமைக்கு மூன்று நான்கு மணித்தியாலம் பார்க்கிறார், அதுவும் வரிசையில் நிற்கும்போது. நாங்கள் கிழமைக்கு ஐந்து நாள் பார்க்கிறோம். கன்டீனில் முண்டியடிக்கும்போது, கிரிக்கெட்டில் ‘அவுட்’ கொடுத்தால் மட்டையை வீசும்போது, தண்ணீர்க் குழாயடியில் சின்னப் பிள்ளையைத் தள்ளிவிட்டு முன்னுக்குப் போகும்போது பார்க்கிறோம். இடுப்பில் பெல்ட் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளை யார் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

அண்மையில் ஒரு பாடசாலையில் நடந்தது இது. ஊரும் பெயரும் வேண்டாம். பத்தாம் தரத்துப் பிள்ளை, பிரவுன் பெல்ட். ஏழாம் தரத்துப் பிள்ளை ஒன்றோடு குழாயடியில் வாய்த்தகராறு. ஒரே உதை, வயிற்றில். சின்னவன் சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். விசாரித்தபோது உதைத்தவனின் வாப்பா சொன்ன வார்த்தை: “அவன் கராத்தேக்காரன்தானே சேர், கால் பட்டால் தாங்குமா?” மன்னிப்பாகத் தொடங்கிய வசனம் பாதி வழியில் பெருமையாகிவிட்டது. மாஸ்டரிடம் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் சுருக்கம்: “அது வகுப்புக்கு வெளியே நடந்தது. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.”

இரண்டு கிழமைக்குள் அந்தப் பிள்ளைக்கு அடுத்த கிரேடிங். சித்தியடைந்தான். படம் வந்தது. மாஷா அல்லாஹ்களும் வந்தன.

இந்தப் பதிவு அந்தப் பிள்ளையைப் பற்றியதல்ல. பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கோபம் வரும். இது அந்த ஒரு வசனத்தைப் பற்றியது: “வகுப்புக்கு வெளியே நடந்தது.”

மாஸ்டர்மாரே, வகுப்புக்கு வெளியே நடப்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்றால் வேறு எதற்குத்தான் பொறுப்பு? வகுப்புக்குள் யாரும் யாரையும் அநியாயமாக அடிக்கப் போவதில்லை. அங்கே நீங்கள் நிற்கிறீர்கள், விதி இருக்கிறது, பாய் இருக்கிறது. நீச்சல் பழக்கியவர் “குளத்தில் மட்டும்தான் என் பொறுப்பு, ஆற்றில் மூழ்கினால் எனக்குத் தெரியாது” என்று சொல்வாரா? கணிதம் படிப்பித்த நாங்கள் “வகுப்பறையில் சரியாகக் கூட்டினான், கடையில் மிச்சக்காசு எண்ணத் தெரியாவிட்டால் எங்களுக்கென்ன” என்று சொன்னால் ஊர் எங்களைச் சும்மா விடுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் சுவரில் படம் மாட்டி வைத்திருக்கிற அந்தப் பெரியவர் இதற்கு நேர் எதிராகச் சொன்னவர். கிச்சின் ஃபுனகோஷி. 1868இல் ஒகினாவாவில் பிறந்தவர். 1922இல் டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயை ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கு அறிமுகப்படுத்தியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் முப்பது வருடத்துக்கு மேல் பாடசாலை ஆசிரியராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தன் மாணவர்களுக்கு அவர் இருபது நெறிகள் எழுதி வைத்தார். முதலாவது, கராத்தே மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிகிறது என்ற கருத்து. இரண்டாவது, முதல் அடி நம்முடையதாக இருக்கக்கூடாது என்பது. எட்டாவது, கராத்தே என்பது பயிற்சிக்கூடத்துக்குள் மட்டும் நடப்பது என்று எண்ணிவிடாதே என்பது. “வகுப்புக்கு வெளியே எங்கள் பொறுப்பில்லை” என்ற வசனம் அந்த எட்டாவது நெறியைக் கிழித்துக் குப்பையில் போடுகிறது. பிறகு எதற்குப் படம்?

அவருடைய குருமாரில் ஒருவரான அங்கோ இதொசுதான் 1901இல் ஒகினாவாவில் இந்தக் கலையைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தவர். 1908இல் கல்வி அதிகாரிகளுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் பேசப்படுகிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ யார்? 1882இல் கொடோகன் என்ற பயிற்சிக்கூடத்தை ஒரு சில மாணவர்களோடு தொடங்கியவர். டோக்கியோவில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் உயர் கல்லூரிக்கு நீண்ட காலம் அதிபராக இருந்தவர். அதாவது நம் ஆசிரியர் கலாசாலை போன்ற ஒன்றின் தலைவர். சக்தியை வீணாக்காமல் நல்லபடி பயன்படுத்துவது, தானும் மற்றவனும் சேர்ந்து நன்மையடைவது என்ற இரண்டையும் அவர் ஜூடோவின் அடிப்படையாக வைத்தார். இரண்டும் பாயில் மட்டும் செய்யக்கூடியவையல்ல என்பதைத் தன் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். இவர்கள் எல்லோரும் வாத்திமார். பிள்ளை வகுப்பை விட்டு வெளியே போன பிறகு என்ன ஆகிறது என்ற கவலையில்தான் இந்தக் கலையைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் அந்தக் கவலையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, “வெளியே பயன்படுத்து” என்றால் என்ன? இங்கேதான் பெரிய குழப்பம். நம் ஊர்களில் இந்த வார்த்தையைச் சொன்னவுடன் எல்லோருக்கும் அடிதான் ஞாபகம் வருகிறது. சந்தியில் எவனாவது சீண்டினால் காட்டுவதற்கு. இல்லாவிட்டால் இன்னும் பெரிதாக: “நாளைக்கு ஊருக்குப் பிரச்சினை வந்தால் நம்ம பொடியன்கள் தயாராக இருக்கணும்.”

இந்த இரண்டாவது பேச்சைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். வாய்க்குள் வைத்துக்கொண்டிருப்பதால்தான் அது வளர்கிறது.

2014 ஜூனில் அளுத்கம. 2018 மார்ச்சில் திகன. 2019 மேயில் குருநாகல் மாவட்டமும் மினுவாங்கொடையும். எரிந்த கடைகளையும் பள்ளிவாசல்களையும் பார்த்தவர்களுக்கு நெஞ்சு கொதித்தது நியாயம். அந்தக் கொதிப்பில் “பிள்ளைகளுக்குச் சண்டை பழக்குங்கள்” என்று சொன்னவர்களின் வலி எங்களுக்குப் புரிகிறது. அவர்களின் கணக்குத்தான் பிழை. நூற்றுக்கணக்கில் பெட்ரோல் போத்தலோடு வரும் கும்பலுக்கு முன்னால் எந்த உதையும் செல்லாது. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது நிதானம். வயதானவர்களையும் பிள்ளைகளையும் எந்த வழியால் வெளியேற்றுவது என்று யோசிக்கும் தலை, நடந்ததைப் பதிவு செய்து வைக்கும் கை, அயலில் இருக்கும் சிங்கள, தமிழ்க் குடும்பங்களோடு முன்னமே கட்டி வைத்த உறவு. அந்த நாட்களில் முஸ்லிம்களைத் தங்கள் வீட்டுக்குள் எடுத்துக் கதவைப் பூட்டிய சிங்கள அயலவர்கள் இருந்தார்கள். அந்தக் கதவைத் திறந்தது பல வருட நல்லுறவு.

திகனைக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 2018 பெப்ரவரியில் தெல்தெனியப் பக்கம் ஒரு வீதித் தகராறு. வாகனம் தொடர்பான சண்டை. நம் இளைஞர்கள் சிலர் ஒரு லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். அவர் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அதைச் சாட்டாக வைத்து இனவாதிகள் ஆட்களைத் திரட்டி ஊர்களை எரித்தார்கள். எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்தது. நாலு பேர் செய்ததற்கு ஊரை எரிப்பது பச்சை அநியாயம், எரித்தவர்கள்தான் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு. அதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அந்த இளைஞர்கள் எந்தக் கலையும் பழகியவர்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான். அந்த இரவில், அந்த வீதியோரத்தில், ஒரே ஒருவர் “விடு மச்சான், வா போவோம்” என்று மற்றவர்களின் தோளில் கை வைத்திருந்தால்? ஒரு மனிதர் உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பார். காத்திருந்தவர்களுக்குக் கையில் சாட்டு கிடைத்திருக்காது.

ஊரைக் காக்கிற தற்காப்புக் கலை அந்தக் கைதான். அதை எந்த வகுப்பில் பழக்குகிறார்கள்?

பழக்க முடியாத ஒன்றல்ல அது. கராத்தேயில் கால் நூற்றாண்டு பழகியவர்களைக் கேளுங்கள், குத்துவதைவிடக் கஷ்டம் எது என்று. நிறுத்துவது என்பார்கள். முழு வேகத்தில் போகும் முஷ்டியை எதிரில் நிற்பவனின் மூக்குக்கு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்த வேண்டும். அதற்குத் தோள், இடுப்பு, மூச்சு எல்லாம் ஒன்றாகக் கட்டுப்பட வேண்டும். முதல் வருடத்தில் யாராலும் முடியாது. போட்டி விதியும் அதைத்தான் சொல்கிறது: அளவுக்கு மீறி முகத்தில் அடித்தவனுக்குப் புள்ளி இல்லை, எச்சரிக்கை. மீண்டும் செய்தால் வெளியே. அடித்து விழுத்தியவன் தோற்று, விழுந்தவன் வெல்லும் விளையாட்டு இது. இவ்வளவு அழகான ஒரு பாடத்தை உடம்புக்கு ஊட்டிவிட்டு, “இந்த நிறுத்தத்தை உன் நாக்குக்கும் பழக்கு, உன் தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை பிடிக்கும்போதும் பழக்கு, வட்ஸ்அப் குரூப்பில் எவனாவது கிளறும்போது ‘சென்ட்’ அமுக்கப் போகும் விரலுக்கும் பழக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளையை அனுப்புவது எவ்வளவு பெரிய வீண்!

நம் மார்க்கத்துக்கு இது புதிதா? மற்றவனை மல்லுக்கட்டி வீழ்த்துபவன் பலசாலியல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே பலசாலி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும் என்ற வழிகாட்டலும் இருக்கிறது. சண்டை என்று வந்தாலும் முகத்தில் அடிக்காதீர்கள் என்ற தடையும் இருக்கிறது. கொஞ்சம் யோசியுங்கள். நின்றவன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இடைவெளி கூடும், கை எட்டாது, மூச்சு இறங்கும். எந்த மாஸ்டரும் முதல் மாதத்தில் சொல்லிக் கொடுக்கும் இடைவெளிப் பாடம் அது. எதிராளியின் கை எட்டாத தூரத்தில் நில். ஒரு அடி பின்னால் வைப்பது தோல்வியல்ல, அதுவும் ஒரு நிலைதான். வகுப்பில் இதைச் சரியாகச் செய்யும் பிள்ளைக்குக் குழாயடியில் ஒரு அடி பின்னால் வைக்கத் தெரியவில்லை என்றால், பழகியது கால். பிள்ளை பழகவில்லை.

சில ஊர்களில் இன்னொரு தகராறு நடக்கிறது. வகுப்புத் தொடக்கத்தில் குனிந்து மரியாதை செய்யலாமா, அது ருகூஉவாகிவிடாதா என்று. நியாயமான கேள்வி, உலமாக்களிடம் கேளுங்கள். பல வகுப்புகளில் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்லித் தொடங்குகிறார்கள். நல்ல ஏற்பாடு. நம் கிழக்கூர்களில் கலியாண ஊர்வலத்திலும் பெருநாளிலும் கம்பெடுத்து இறங்கிய சிலம்படிக்காரர்கள் முதலில் ஆடியது எது? சலாம் வரிசை. எதிரில் நிற்பவனுக்கும் சபைக்கும் மரியாதை சொல்லாமல் கம்பு சுழலாது. சீனடியும் சிலம்படியும் பழக்கிய அந்தப் பழைய ஆட்கள் எந்தச் சான்றிதழும் அடித்துக் கொடுக்கவில்லை. இவனுக்குப் பழக்கினால் ஊருக்கு உபத்திரவம் என்று பட்டால் பழக்கமாட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்று தலையை எத்தனை பாகை குனிவது என்று மாதக்கணக்காக விவாதிக்கிறோம். அந்தத் தலைக்குள் மரியாதை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கும் வருவோம். மாஸ்டர்மாரை மட்டும் ஏசிவிட்டு வாத்திமார் நல்லவர்களாகிவிட முடியாது.

எங்கள் தொழிலில் இருக்கும் சிலர் பின்னேரம் கட்டுப்பாடு படிப்பிக்கிறார்கள், காலையில் பிரம்பு எடுக்கிறார்கள். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் சொல்லி இருபது வருடமாகிறது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கு. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, அதாவது சித்திரவதைக்கும் கொடூரமான, இழிவான நடத்தைக்கும் எதிரான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பாகி நட்டஈடும் விதிக்கப்பட்டது. ஒரே ஒரு அறை. பிள்ளை எங்களைப் பார்த்துத்தான் படிக்கிறது. பெரியவனுக்குக் கோபம் வந்தால் சின்னவனின் உடம்பில் இறக்கலாம் என்ற பாடத்தை நாற்பது பேருக்கு முன்னால் நடத்திக் காட்டிவிட்டு, குழாயடியில் அதையே செய்த பிள்ளையை அதிபர் அறைக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளை மனதுக்குள் என்ன நினைக்கும்? ஆகவே “வகுப்புக்கு வெளியே” என்பதில் முதலாவது இடம் வகுப்பறை. முதலாவது மாணவன் ஆசிரியன்.

அடுத்தது பெண் பிள்ளைகள். பத்து வயது வரை வருகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டில் ஒவ்வொருவராக நிற்பாட்டப்படுகிறார்கள். “போதும்தானே, இனி என்னத்துக்கு?” என்ற ஒரு கேள்வியோடு. தனி நேரம் வேண்டும், பெண் பயிற்றுநர் வேண்டும், உடுப்பு ஒழுங்காக வேண்டும் என்றால் அது நியாயம், அதை ஏற்பாடு செய்வோம். ஆனால் என்னத்துக்கு என்று கேட்பவர்கள் ஒரு நாள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும். இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 90 வீதமான பெண்கள் சொன்னதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொல்கிறது. எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பத்தில் ஒன்பது பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளை பஸ்ஸுக்குள் யாரையும் உதைக்கப் போவதில்லை. அவளுக்குத் தேவை குரல். கராத்தேயில் அடியோடு சேர்த்து வயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடப் பழக்குவார்கள், தெரியும்தானே. பெண் பிள்ளைகள் முதல் நாள் அந்தச் சத்தத்தைப் போட வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். சத்தம் போடாதே என்றுதான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது மாதம் மண்டபம் அதிரும். “கையை எடு!” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒரு தடவை சொல்ல முடிந்த பிள்ளைக்கு அந்தப் பயிற்சி பலித்துவிட்டது. அதைப் பன்னிரண்டு வயதில், அதாவது தேவை தொடங்கும் வயதில், பறித்துவிட்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாரும் படம் எடுத்துப் போடாத ஒன்று. விழுவது. ஜூடோவில் யாரையும் எறியப் பழக்குவதற்கு முன் விழப் பழக்குகிறார்கள். நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்து, கையை நீட்டி ஊன்றாமல், உருண்டு விழுவது. நம் ஊரில் எத்தனை பேர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது சண்டையில் மாட்டப் போகிறார்கள்? எத்தனை பேர் மோட்டார் சைக்கிளிலிருந்து, வுழூச் செய்யும் ஈரத் தரையில், தென்னந்தோட்டத்து வரம்பில் விழப் போகிறார்கள்? நீட்டிய கையில் மொத்தப் பாரமும் இறங்கி மணிக்கட்டு முறிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓடு உடைக்கிற வீடியோவுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்வாசியை விழும் பயிற்சிக்குக் கொடுத்தால் ஊருக்கு எவ்வளவோ நன்மை. ஆனால் விழுகிற பிள்ளையின் படத்துக்கு யார் லைக் போடுவது?

“அப்படியென்றால் ஒருவன் உண்மையாகவே தாக்க வந்தால் வாங்கிக்கொண்டு நிற்பதா?” என்று கமெண்டில் கேட்பீர்கள். இல்லை. தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமையை நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையே தருகிறது. தேவைக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லையும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஓட வழியில்லை, கத்தியும் பயனில்லை, தம்பியின் கழுத்தில் கை இருக்கிறது என்றால் பழகியதைப் பயன்படுத்து, விடுபட்டவுடன் நிறுத்து. பழகாதவனுக்கு அந்த இடத்தில் நிறுத்தத் தெரியாது. பயத்தில் ஆரம்பித்து வெறியில் முடிப்பான். பழகியவனுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரிய வேண்டும்.

ஃபுனகோஷி முதுமையில் ஒரு இரவு தனியாக வீடு திரும்பும்போது வழிப்பறிக்காரன் ஒருவன் மறித்தான். அந்த வயதிலும் அவனைச் சுலபமாக மடக்கிப் பிடித்துவிட்டார். அதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதும்போது அவர் மார்தட்டவில்லை. அந்த ஏழை மனிதனிடம் பலத்தைப் பயன்படுத்த நேர்ந்ததற்காக வெட்கப்பட்டார். நம்மவர்களில் ஒருவருக்கு அது நடந்திருந்தால் அன்றிரவே நேரலை வந்திருக்கும்.

ஏசுவது சுலபம், ஆகவே செய்யக்கூடியதையும் எழுதுகிறோம். மாஸ்டர்மாரே, பெற்றோரே, பள்ளி நிர்வாகத்தினரே, நான்கே நான்கு விடயம்.

ஒன்று. கிரேடிங்குக்குக் கட்டணப் பற்றுச்சீட்டோடு இன்னும் இரண்டு கையொப்பம் கேளுங்கள். ஒன்று வகுப்பாசிரியருடையது, மற்றது உம்மாவுடையது. பாடசாலையிலும் வீட்டிலும் கை நீட்டவில்லை என்று. எங்களிடம் கேளுங்கள், நாங்கள் ஒளிக்காமல் சொல்கிறோம்.

இரண்டு. வெளியே கை நீட்டியவனுக்கு அடுத்த பெல்ட் ஆறு மாதம் தள்ளட்டும். வகுப்பிலிருந்து துரத்த வேண்டாம், துரத்தினால் அவன் சந்திக்குத்தான் போவான். வகுப்பில் வைத்துக்கொண்டு, தான் அடித்த பிள்ளையின் வீட்டுக்கு மாஸ்டரோடு போய் மன்னிப்புக் கேட்கச் செய்யுங்கள். அது எந்தப் பரீட்சையையும்விடக் கஷ்டமான பரீட்சை.

மூன்று. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் உட்கார வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் கிழமை எங்கே கோபம் வந்தது, எங்கே நிறுத்தினாய்? முதல் நாள் சிரிப்பார்கள். ஐந்தாவது நாள் ஒரு பிள்ளை பேசும்.

நான்கு. வகுப்பை மதிலுக்குள் பூட்டாதீர்கள். 2019க்குப் பிறகு நம் பிள்ளைகள் கூடி எதைப் பழகினாலும் சந்தேகத்தோடு பார்க்கும் கண்கள் இருக்கின்றன. அது நியாயமில்லைதான். ஆனால் கதவைச் சாத்தினால் சந்தேகம் வளரும். பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் அதே வரிசையில் நிற்கட்டும். ஒருவரையொருவர் விழாமல் பிடித்துப் பழகிய பிள்ளைகள் பிறகு ஒரு வதந்தி வந்தால் முதலில் போன் எடுத்து விசாரிப்பார்கள்.

இவை எதற்கும் காசு தேவையில்லை. “வகுப்புக்கு வெளியே நடந்தது” என்ற அந்த வசனத்தை விட்டுவிட்டால் போதும்.

வயிற்றில் உதை வாங்கிய அந்தச் சின்னவன் இப்போது இடைவேளையில் குழாயடிக்குப் போவதில்லை என்று அவனுடைய வகுப்பாசிரியை சொன்னார். வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருகிறானாம். கராத்தே வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி உம்மாவிடம் கேட்கிறானாம். எதற்கு என்று கேட்டால் பதில் சொல்கிறானில்லை. அவனுக்கு எந்தக் கராத்தேயைக் கொடுக்கப் போகிறோம் என்பதை அவன் வந்து சேர்வதற்கு முன் முடிவு செய்துகொள்வோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரையோ பாடசாலையின் பெயரையோ தயவுசெய்து கமெண்டில் இழுக்க வேண்டாம். யாரையும் ஏசவும் வேண்டாம். இதுவும் வகுப்புக்கு வெளியேதான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளுக்குப் பலத்தையும், அந்தக் கைகளை நிறுத்தும் பலத்தையும் தருவானாக. ஆமீன்.